பீலித் தண்ணியில் மருந்து

“ஹலோ... ஹலோ... வச்சுறாத பேச்சி. ஒரு வார்த்த கேட்டுட்டு வையி... நாந்தான்... தெரியுமில்ல, தெரிஞ்சுதானே இம்புட்டு நேரம் எடுக்காம இருந்த.”

சோலைமலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தான் காவலிருக்கும் பம்பு அறையின் வாசலுக்கு ஓடி வந்தார். உள்ளே சிக்னல் நிற்காது. ஒரு கால் வாசற்படியில், மறு கால் வெளியே கிடக்கும் பாறையில், தலை டவுன் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். அப்படி நின்றால்தான் குரல் அறுபடாமல் வரும். அந்த இடத்தில் கொக்கு மாதிரி நின்று இதுவரைக்கும் அவர் நகரசபை அதிகாரி மாத்தயாமாரோடு மட்டுந்தான் பேசியிருக்கிறார். மோட்டர் ஓடுது மாத்தயா, மோட்டர் நின்னுருச்சு மாத்தயா. அதற்கு மேல் பேச்சில்லை.

போனில் பெண்சாதியின் பெயரை அவரே தட்டிப் பதிந்து வைத்திருந்தார். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவர்; படிப்பித்ததும் அவள்தான். பேச்சியம்மா என்பதில் ஒரு ‘ச்’ விழுங்கப்பட்டு ‘பேசியம்மா’ என்றே இன்னும் கிடக்கிறது. அதைப் பார்த்து ஒரு காலத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது பேசியம்மா பேசுவதை நிறுத்தி மாசக்கணக்கு ஆகிவிட்டது.

“இல்ல, சண்டைக்கி எடுக்கல... சத்தியமா இல்ல... திருவிழாவுக்கு ஏன் சொல்லலன்னு கேக்கவும் எடுக்கல. அதெல்லாம் கெடக்கட்டும். இதுக்கு மட்டும் பதில் சொல்லு. தப்புச் சத்தம் கேக்குதே, அது கோயிலடியா, பீலிக்கரையா?”

கேட்காமலே அவருக்குத் தெரியும். கிணறு இருக்கிற சவுக்குத் தோப்பு, தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டி மேட்டில் இருந்தது. அங்கே நின்று பார்த்தால் தேயிலைச் சரிவு, சரிவின் அடியில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம், லயத்துக்குச் சற்று மேலே பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் விழும் பீலி. பாறையில் சொருகிய ஒரு தகரத் தூம்புதான். திறக்கவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம். முழு லயமும் குடித்ததும் குளித்ததும் அதில்தான். டவுனுக்குத் தண்ணீர் போதவில்லை என்று நகரசபை இந்த மேட்டில் குழாய்க் கிணறு தோண்டி மோட்டர் இறக்கிய பிறகு, பீலி மெலிந்து, சொட்டி, ஒரு பங்குனியில் ஒரேயடியாகக் காய்ந்துபோனது.

இன்றைக்கு மத்தியானம் பனி விலகின இடைவெளியில் பார்த்தால், அந்தக் காய்ந்த பீலிக்கரையில் சனம். மஞ்சள் சேலை, பித்தளைக் குடம், வேப்பிலைக் கட்டு. அம்மனை அழைத்து, குடத்தில் நீர் நிறைத்துக் கரகம் பாலிப்பது தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான். தண்ணீர் இல்லாத கரைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள். அந்த நினைப்பு வந்தபோதுதான் சோலைமலை கையிலிருந்த வாளியை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

“வருதா?... பீலியில வருதா?... எப்பயிலருந்து?... மொதல்ல சொட்டுச்சா... ம்... ம்... இப்ப வாய் நெறைய ஊத்துதா... எங்க, போன கொஞ்சம் அந்தப் பக்கம் புடி.”

கேட்டது. தண்ணீர் குடத்துக்குள் விழுந்து, அடிவயிற்றில் தொடங்கி, சத்தம் மெல்ல மெல்லக் கழுத்துக்கு ஏறி, நிறையும்போது கம்மிப்போனது. யாரோ குடத்தை நகர்த்தினார்கள். அடுத்த குடம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம். இந்த மேட்டில் ராத்திரி பகலாகக் கேட்பது பூமிக்கடியில் மோட்டர் முனகுவதும், குழாய்க்குள்ளே தண்ணீர் முகம் காட்டாமல் டவுனுக்கு ஓடுவதும்தான். ஓடுகிற தண்ணீரைக் கண்ணால் காணாத ஒரு தண்ணீர் வேலை.

“ஆத்தா தந்தாளா... எல்லாரும் அப்புடித்தான் சொல்றாங்களா... சரி. சரி... நான் ஒண்ணும் சொல்லல, பேச்சி. யாராச்சும் குடிச்சீங்களா?... கேட்டதுக்குப் பதில் சொல்லு, வாயில வச்சீங்களா?... ஏன்னு அப்பறம் சொல்றேன்... கரகம் எழும்புற வரைக்கும் யாரும் குடிக்கக் கூடாதா. நல்லது. அதான் மொறை. நல்லது... அப்பறம்?... மொதத் தீர்த்தம் கைப்புள்ளைக்கா. எந்தக் கைப்புள்ள?”

பதில் வந்தபோது அவருடைய கால் பாறையிலிருந்து இறங்கிவிட்டது. குரல் கரகரத்து அறுந்தது. மறுபடி ஏறி நின்றார்.

“தனுஜாவா?... தனுஜா வந்திருக்காளா?... எப்ப?... இல்ல, எனக்கு யாரு சொன்னா.”

மகளைக் கந்தப்பளைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. பிள்ளை பிறந்த சேதி வந்தது, படமும் வந்தது. நேரில் பார்க்கவில்லை. முந்தாநாள் மழையில் கீழ்ப்பாதையில் ஒரு பெண், குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தபடி, துண்டால் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். யார் வீட்டுப் பிள்ளையோ என்று அவர் இந்த வாசலில் நின்று பார்த்தார். அவள் மேலே பார்க்கவில்லை. வழுக்கும் பாதையல்லவா, காலடியைத்தானே பார்ப்பாள் என்று அன்றைக்கு நினைத்தார்.

“சரி, விடு... கோவமெல்லாம் இல்ல. வந்தது நல்லதுதான். புள்ள யாரு மாதிரி இருக்கு... ம்... சரி, அத விடு. இப்ப நான் சொல்றத நல்லா கேளு, கேட்டுட்டு அவசரப்படாத. அந்தத் தண்ணிய புள்ளைக்கிக் குடுக்காத. யாருக்குமே குடுக்காத. ஏன்னா, அதுல நான் மருந்து போட்டிருக்கேன்.”

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

நகரசபையில் மருந்து என்றால் ஒன்றுதான். நீல நிறப் பீப்பாயில் வருகிற வெள்ளைத் தூள், பிளீச்சிங் பவுடர். ஸ்டோர்க்காரனிலிருந்து வால்வு திறக்கிறவன் வரைக்கும் அதை மருந்து என்றே சொல்வார்கள். இத்தனை வருசம் அவர்களோடு புழங்கி அவர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஆனால் லயத்தில் மருந்து என்றால் வேறு. புல்லுக்கு அடிக்கிறது மருந்து. அதைத்தான் மூன்றாம் லயத்து வீரம்மா குடித்துவிட்டுச் செத்துப்போனாள். புருசனை மயக்கச் சோற்றில் வைக்கிறதும் மருந்து. தண்ணியில் மருந்து போட்டேன் என்று ஒருவன் சொன்னால், பீலிக்கரையில் நிற்கிற எவருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“இல்ல... பேச்சி, அந்த மருந்தில்ல... இல்ல புள்ள, கத்தாத. சனத்துக்கிட்ட சொல்லாத, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும்... பேச்சி... பேச்சி...”

தப்பு மேளம் நின்றது. முதலில் போனில் நின்றது. காற்று கொண்டுவரும் சத்தம் சரிவு ஏறிவரக் கொஞ்சம் பிந்தியது, பிறகு அதுவும் நின்றது. ஒரே சாவு இரண்டு தரம் நடந்த மாதிரி இருந்தது அவருக்கு. அப்புறம் பெண்களின் குரல்கள், ஏதோ பாத்திரம் கல்லில் உருண்ட சத்தம், ஒரு கைப்பிள்ளையின் அழுகை. அது தன் பேரப்பிள்ளையாக இருக்கும் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. போன் கை மாறியது. இந்த முறை கேட்டது ஆம்பளைக் குரல். பேச்சியம்மாவின் அண்ணன் அழகன், கோயில் தலைவர்.

“ஆமாங்க மச்சான், நாந்தான்... ஆமா... போட்டேன்னுதான் சொன்னேன், ஆனா... ஆமா... சரி, ஏசுங்க. ஏசி முடிங்க, அப்பறம் சொல்றேன்.”

அழகன் ஏசுவதற்கு இரண்டு வருசத்துச் சரக்கு வைத்திருந்தார். சோலைமலை போனைக் காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு சரிவைப் பார்த்தார். அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. தண்ணியை டவுனுக்கு வித்தவன் என்பார். பொண்டாட்டி ஆற்றிலிருந்து குடம் சுமக்க, காவல் காக்கிறவன் என்பார். அந்தக் கெணத்தோடயே குடும்பம் நடத்து என்று பேச்சியம்மா சொன்ன அன்றைக்கு, ஒரு பாயையும் ஒரு தேத்தண்ணிக் கேத்தலையும் தூக்கிக்கொண்டு இவர் உண்மையிலேயே கிணற்றடிக்கு வந்துவிட்டார். அவள் கோபத்தில் சொன்னாள், இவர் கோபத்தில் கேட்டார். திரும்பிப் போக ஒரு காரணம் கிடைக்கவில்லை. போ என்று சொன்னவள் வா என்று சொல்லவில்லை.

“முடிஞ்சுதா மச்சான்?... இன்னும் இருக்கா... சரி, அத பெறகு ஏசுங்க. இப்ப கேளுங்க. இது பில்லு மருந்தில்ல. பூச்சி மருந்துமில்ல. கொரோனா நேரத்துல லயத்து வாசல் பூரா வெள்ளத் தூள் போட்டாங்களே, கண்ணெல்லாம் எரிஞ்சுச்சே... ஆமா, அதான். அதத்தான் நாங்க மருந்துன்னு சொல்றது... பீலியில போடல. நான் ஏன் பீலிக்கரைக்கி வாறேன். கெணத்துல போட்டேன்.”

அவர் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். போன கிழமை மோட்டர் எரிந்துபோனது. ஹட்டனிலிருந்து ரிஸ்வி நானா ஆட்களோடு வந்து முக்காலி நட்டு, குழாயை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, மோட்டரை மேலே இழுத்து, சுருள் சுற்றக் கடைக்குக் கொண்டுபோனார். இன்றைக்குக் காலையில் திரும்ப இறக்கினார்கள். கிணற்றுக்குள்ளே கைபட்ட சாமான் போனால், கயிறு போனால், அழுக்கும் கூடவே போகும். அதற்காக மருந்தைக் கரைத்து ஊற்றி, பொழுதுபடும்வரை ஊறவிட்டு, பிறகு மோட்டரைப் போட்டு வாடை போகும்வரை வெளியே இறைத்துத் தள்ள வேண்டும். அப்புறந்தான் டவுன் வால்வைத் திறக்கலாம். ரிஸ்வி நானா ஜும்மா தொழுகைக்கு இறங்கிவிட்டார். மருந்தைக் கரைத்து ஊற்றியது சோலைமலை தனியே. குடிக்கிற தண்ணீருக்குப் போடுகிற அளவு இல்லை அது. கிணறு கழுவுகிற அளவு. அதைக் குடித்தால் தொண்டை வெந்துபோகும், பச்சைப்பிள்ளை தாங்காது.

“கெணத்துல ஊத்துனது பீலிக்கி எப்புடி வருமா?... மச்சான், கெணத்து மோட்டரு ஓடுனா பீலி காயுதுன்னு லயமே சொன்னிச்சு. மாத்தயாமாரு இல்லன்னாங்க, அவங்க சொன்னத நானும் சொன்னேன். இப்ப பாருங்க. மோட்டரத் தூக்குனோம், கெணத்துல தண்ணி ஏறுச்சு, பீலி வந்துருச்சு... ஆமா. நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டும் ஒரே தண்ணி. அதத்தான் சொல்றேன், ரெண்டும் ஒரே தண்ணி, அதான் குடிக்காதீங்க.”

இரண்டு வருசமாக அழகன் காத்திருந்த வார்த்தை அது. அது கிடைத்த நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள அவருக்கு மனசில்லை. பீலி வந்தது ஆத்தா திறந்த கண்ணால், நகரசபை கழற்றிய மோட்டரால் அல்ல. அப்படித்தான் அவர் சனத்துக்குச் சொல்லியிருந்தார். அதைச் சொல்லித்தான் குடத்துக்கு மாலை போட்டிருந்தார்.

“ஆத்தா இல்லன்னு நான் எங்க சொன்னேன்... இல்ல மச்சான். எரிச்சல்ல சொல்லல. கூப்பிடலங்கிற எரிச்சல்ல கரகத்தக் கெடுப்பேனா... நீங்களே மோந்து பாருங்க. டவுன் குழாயில வருமே அந்த வாடை, அதவிடக் கூட... சாம்பிராணிப் பொகையில ஒண்ணும் தெரியலயா. பொகைய அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்க... சரி, என்னய நம்ப வேணாம். தங்கச்சிக்கிட்ட குடுங்க. அவகிட்ட ஒண்ணு சொல்லிர்றேன், பெறகு வச்சுருங்க... மச்சான். மச்சான், புள்ள எனக்கும் பேரப்புள்ளதான்.”

போன் எங்கோ வைக்கப்பட்ட மாதிரி இருந்தது. தூம்புத் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர்களை நம்பவைக்க அவரிடம் என்ன இருக்கிறது. இறங்கி ஓடினால் பாதி வழி போவதற்குள் கரகம் எழும்பிவிடும். பீப்பாயில் ஒட்டியிருக்கிற எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்துக் காட்டலாம், யார் கேட்பார்கள். வெறுங்கையைப் பார்த்தார். பார்த்த கையில் ஒரு நூல் இருந்தது.

காலையில் அது மஞ்சளாக இருந்தது. அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, நல்ல பழுத்த மஞ்சள். மருந்து வாளிக்குள்ளே முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கிய கை. இப்போது அந்த நூல் கழுவிப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளை வெளேர் என்று கிடந்தது.

“பேச்சியா?... பேச்சி, கேளு. கரகத்துக்கு மஞ்சத்தூள் வச்சிருப்பீங்கள்ல... ஒரு செம்புல பீலித்தண்ணியப் புடிச்சு, ஒரு சிட்டிக மஞ்சளப் போட்டுக் கலக்கி, கண்ணு முன்னால வையி. இன்னொரு செம்புல ஆத்துத் தண்ணி இருக்கா... லயத்துல இருக்கா, எடுத்தாரச் சொல்லு. அதுலயும் போடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. பீலித்தண்ணி மஞ்சளா நின்னிச்சின்னா நான் பொய்யன், புள்ளைக்கிக் குடு. வெளுத்துச்சின்னா கொட்டிரு... எப்புடித் தெரியுமா? என் கையில கட்டுனது வெளுத்துப்போச்சு.”

கொஞ்சம் நிறுத்தி, கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னார்.

“காப்பு.”

மறுபக்கம் அவள் என்ன கேட்டிருப்பாள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. திருவிழாவுக்குக் கொடியேற்றிய அன்று கோயிலில் ஒவ்வொரு ஆம்பளைக்கும் மஞ்சள் நூல் காப்புக் கட்டுவார்கள். கட்டினவன் அம்மன் மலையேறும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லைக்கு வெளியே இருக்கிறவனுக்குக் காப்பும் கிடையாது.

“யாரும் கட்டல... நானேதான். டவுன்ல நூல் வாங்கி, மஞ்சள் அரைச்சுப் பூசி... ஒத்தக் கையில முடிச்சு விழல. பல்லால கடிச்சுக் கட்டுனேன்... ஆமா... அன்னைக்கித்தான். அங்கன தப்பு அடிச்சுச்சு, அந்த நேரம் பாத்து இங்கன கட்டுனேன்... சிரிக்கிறியா?... சரி. சிரிக்கலன்னா சரி. நீ மஞ்சளப் போடு.”

அவள் மஞ்சளைப் போடப் போனாள். போனைக் கையிலேயே வைத்திருந்தாள், வைக்கவில்லை. சேலை உரசுகிற சத்தமும் அவள் மூச்சும் கேட்டன. சோலைமலை ஒற்றைக் காலைப் பாறையில் ஊன்றி, அசையாமல் நின்றார். எத்தனையோ நாள் இந்த மேட்டில் அவர் யாருடைய மூச்சையும் கேட்டதில்லை. அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, இப்படியே கொஞ்ச நேரம் போன் திறந்து கிடந்தால் போதும் என்றிருந்தது.

பிறகு கூட்டத்தின் சத்தம் மாறியது. முதலில் ஒரு சிறிசு ஏதோ சொன்னது. பெண்கள் ‘ச்சூ’ கொட்டினார்கள். அழகனின் செருமல்.

“என்னா புள்ள?... நிக்கலயா... போயிருச்சா. நல்லா பாத்தியா... ஆத்துத் தண்ணி?... அது அப்புடியே இருக்கா... ம்... ம். சரி.”

வென்றவன் மாதிரி அவருக்கு இருக்கவில்லை. போனில், நிரம்பின குடம் ஒன்று சரிந்து கொட்டுகிற சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. ஏறிப்போன சத்தமெல்லாம் இறங்கிவருவது மாதிரி, ஒவ்வொரு குடமாக, வாளியாக, செம்பாக. அம்மன் கொடுத்தது என்று மாலை போட்டுப் பிடித்த தண்ணீரை அவர்கள் கீழே ஊற்றினார்கள். ஒவ்வொன்றும் விழ விழ அவர் கண்ணைச் சிமிட்டினார்.

“அழுவாத... நீ அழுதா தனுஜாவும் அழுவா. யாரும் குடிக்கலதானே, அது போதும். புள்ள வாயத் தொடச்சியா?... தொடச்சுரு, பீலித்தண்ணி பட்ட துணியில வேணாம். கையிலயும் பட்டிருந்தா ஆத்துத் தண்ணியில கழுவிரு... மச்சானுக்கிட்ட சொல்லு, ஆத்தா கோவிக்க மாட்டான்னு. அவதான காப்பாத்துனா, மஞ்ச அவளோடதுதான... ஆமா. நெசமாத்தான் சொல்றேன், நக்கலில்ல.”

அடுத்ததைச் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிப்போட வழி இருந்தால் தள்ளிப்போட்டிருப்பார். மருந்து தண்ணீரிலிருந்து போவதற்கு ஒரே வழிதான். கிணற்றை இறைக்க வேண்டும். மாத்தயா பொழுதுபட்ட பிறகுதான் போடச் சொன்னார். அதுவரைக்கும் பீலியில் இந்தத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். விளையாடுகிற பிள்ளை ஒன்று வாயை வைத்தால் போதும். இறைத்தால் மருந்து போகும். பீலியும் போகும்.

“பேச்சி, நான் இப்பயே மோட்டரப் போடப் போறேன்... மாத்தயா ஏசுனா ஏசட்டும், இன்னொருக்கா மருந்து போட்டுக்குறேன்... ஆமா. போட்டா நின்னுரும்... தெரியும் புள்ள. எனக்குத் தெரியாதா... போடாம விட்டுரவா? எத்தன நாளைக்கி விடுறது. டவுன்ல ஆஸ்பத்திரியில தண்ணியில்லாம பவுசர் வண்டிக்கு நிக்கிறாங்க, அங்கயும் கைப்புள்ளைக இருக்கு... நான் போடலன்னா இன்னொருத்தன் வந்து போடுவான். அவன் உங்களுக்குப் போன் பண்ண மாட்டான்... கரகத்த ஆத்துக்குக் கொண்டுபோங்க. போன வருசமும் அங்கனதான பாலிச்சீங்க.”

அவள் ஏதோ சொன்னாள். அவர் கையிலிருந்த வெள்ளை நூலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“இதுவா... வெள்ள நூலு கையில ஆகாதுதான். எழவு வீட்டுக் கை மாதிரித்தான் இருக்கு... அவுக்க மாட்டேன். அவுத்தா திரும்பக் கட்ட ஆளில்ல.”

லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார். ‘பேசியம்மா’ என்று திரையில் இருந்தது, நிமிசம் ஓடிக்கொண்டிருந்தது.

“இருக்கியா?... இரு. வைக்காத. சுவிச்சப் போட்டுட்டு வாறேன்.”

போனை வாசற்படிமேல் வைக்க மனசு வராமல், காதுக்கும் தோளுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு உள்ளே போனார். டவுன் வால்வு பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். வெளியே தள்ளுகிற வால்வைச் சுற்றிச் சுற்றித் திறந்தார். பிறகு சுவிட்சைத் தூக்கினார். பூமிக்கடியில் மோட்டர் முனகியது. குழாய் ஒரு தரம் உலுக்கியது, காற்றைக் கக்கியது. அதற்கப்புறம், சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிற பருத்த குழாய்வாயால் தண்ணீர் பீறிட்டுப் பாறையில் அறைந்தது. பம்பு அறையின் தகரக் கூரையெல்லாம் அந்த இரைச்சல் நிறைந்தது. மருந்தின் வாடை மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் பேசினாள்.

“என்னா?... கேக்கல... பேச்சி, தண்ணிச் சத்தம்... இன்னொருக்கா சொல்லு... என்னா சொன்ன, வவா? வ... என்னா?... இரு, வெளிய வந்துர்றேன். இரு, வைக்காத...”

வாசலுக்குப் பாய்ந்து, ஒரு காலைப் படியிலும் மறு காலைப் பாறையிலும் வைத்து, தலையை டவுன் பக்கம் சாய்த்தார். காதில் இரைச்சல் மட்டும் இருந்தது. அது போனிலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்று புரிய ஒரு கணம் ஆனது.

“ஹலோ... ஹலோ... பேச்சி?”

லைன் அறுந்திருந்தது.

திரும்ப எடுத்தார், போகவில்லை. கீழே தப்பு மறுபடி தொடங்கியது. மேட்டுப் பக்கம் ஏறவில்லை அது. சரிவு இறங்கி, லயத்தைச் சுற்றி, ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் யாருக்கும் சிக்னல் கிடைக்காது.

வாடை போகும்வரை அவர் இந்த இடத்தைவிட்டு நகரவும் முடியாது. குழாய்வாயருகே போய், ஒரு கை தண்ணீரை ஏந்தி மோந்து பார்த்தார். காரமாகத்தான் இருந்தது. கொட்டிவிட்டு ஈரக்கையோடு பாறையில் உட்கார்ந்தார்.

காதில் அந்த ஒரு எழுத்து மட்டும் நின்றது. ‘வாங்க’ என்றாலும் அதில்தான் தொடங்கும். ‘வராதீங்க’ என்றாலும் அதில்தான் தொடங்கும். எழுத்துப் படிப்பித்த நாட்களில் அவள் சிலேட்டைப் பறித்துப் பார்த்துவிட்டுச் சொல்வாள், ஏங்க, மறுபடியும் கால விட்டுட்டீங்க, உங்க எழுத்தெல்லாம் நொண்டுது பாருங்க என்று. அப்போதெல்லாம் அவருக்கு அதே பிழைதான்.

வெளுத்த நூலை விரலால் உருட்டிக்கொண்டே, அவள் சொன்ன ‘வ’வுக்குக் கால் இருந்ததா இல்லையா என்று, இரைகிற தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்.